சைக்கிளில் படரும் துரு



கோடை விடுமுறையில் குடும்பத்துடன் தமிழ்நாட்டிற்குச் சென்று, ஜூன் மாதத்தில் மும்பைக்கோ கொல்கத்தாவிற்கோ டில்லிக்கோ திரும்பும் நம்மவர் பலர், மாடிப்படியின் கீழ் நிறுத்திச் சென்ற சைக்கிளில் செம்பழுப்புப் புள்ளிகள் தோன்றியிருப்பதைக் காண்கின்றனர். அப்போது சிலர் "புள்ளிதானே" என்று விட்டுவிடுகின்றனர். வேறு சிலர் முரட்டு உப்புத்தாளை எடுத்து, துருவோடு பளபளப்பையும் சேர்த்துத் தேய்த்து விடுகின்றனர். இவ்விரண்டும் வேண்டியதில்லை. மேலோட்டமான துருவை வீட்டிலேயே, அதிகச் செலவின்றி நீக்கிவிடலாம். அவ்வாறு நீக்கியபின் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அதுவே இன்று நான் முக்கியமாகக் கூற விரும்புவது.

முதலில் துரு என்பது யாது என்று பார்ப்போம். இரும்பு, பிராணவாயு, ஈரம் ஆகிய மூன்றும் கூடும்போது துரு உண்டாகிறது. காற்றில் உப்பு கலந்திருந்தால் இச்செயல் விரைவுபடும். கடலோர நகரங்களில் துரு மிகுவதற்கு இதுவே காரணம். துரு, தான் தோன்றிய இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொண்டு, பொருக்காக உதிரும் தன்மையுடையது. அப்பொருக்கினுள் ஈரம் தங்குகிறது. அந்த ஈரம் அடியிலுள்ள இரும்பையும் அரிக்கிறது. ஆகவே இன்றைய புள்ளி நாளைய பள்ளம்.

ஹாண்டில்பாரிலும் ரிம்மிலும் குரோமியம் பூசியிருக்கிறதே, அங்கே துரு வருவானேன் என்று கேட்கலாம். பளபளப்புக்காக இடப்படும் குரோமியப் பூச்சு, சாதாரணமாக ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது. அதன் கீழ் நிக்கல் பூச்சு இருப்பினும், நுண்ணிய துளைகளின் வழியாக ஈரம் இரும்பை எட்டிவிடுகிறது.

இத்தகைய துருவை நீக்க, உணவுப் பொட்டலம் சுற்றும் அலுமினியத் தாள் சிறிது போதும். முதலில் தூசியையும் பழைய எண்ணெய்ப் பிசுக்கையும் சோப்பு நீரால் கழுவுங்கள். பின்பு தாளைக் கசக்கி உருட்டி, நீரில் நனைத்து, துருவின்மேல் மெல்லத் தேயுங்கள். அலுமினியம் குரோமியத்தைவிட மிருதுவானது. ஆதலால் துரு பெயரும், பூச்சில் கீறல் விழாது. வர்ணம் பூசிய பகுதிகளில் மட்டும் இதனைப் பயன்படுத்த வேண்டாம்.

கழற்றக்கூடிய சிறு இரும்புத் திருகுகளையும் நட்டுகளையும் வினிகரில் ஊறவைக்கலாம். அரைமணிக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்து, துரு இளகியதும் பழைய பல்துலக்கும் பிரஷினால் தேயுங்கள். பித்தளைப் பாத்திரம் துலக்க நம் வீடுகளில் புளி பயன்படுவதன் தத்துவமும் இதுவே. புளிப்பில் உள்ள அமிலம் களிம்பைக் கரைக்கிறது. ஆனால் அமிலம் தங்கிவிட்டால் இரும்பையும் தின்னும். எனவே ஒரு டம்ளர் நீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவைக் கரைத்து, அதில் அலசி, பின்பு நல்ல நீரில் கழுவுங்கள். செயினையும் பேரிங் குண்டுகளையும் அமிலத்தில் இடலாகாது; கடினமாக்கப்பட்ட எஃகு அமிலத்தால் உறுதி குன்றக்கூடும். கழிப்பறை கழுவும் திராவகத்தையோ எதற்குமே தொடவேண்டாம்.

இனி முக்கியமான பகுதிக்கு வருவோம். துரு நீங்கிய இரும்பு, தோலுரிந்த உடலைப் போன்றது. அதனை ஈரத்தோடு விட்டால் ஓரிரு நாளிலேயே மீண்டும் துரு படரும். டில்லி மெஹ்ரௌலியில் குதுப்மினாருக்கு அருகே நிற்கும் இரும்புத் தூணை நேயர்களிற் பலர் பார்த்திருப்பீர்கள். ஏறத்தாழ 1600 ஆண்டுகளாக அது வெயிலிலும் மழையிலும் நிற்கிறது. அவ்விரும்பில் பாஸ்பரஸ் மிகுந்திருப்பதால், மேற்பரப்பில் மெல்லிய காப்புப் படலம் ஒன்று உருவாகியிருக்கிறது என்று கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியராக இருந்த ஆர். பாலசுப்ரமணியத்தின் ஆராய்ச்சி விளக்குகிறது. நம் சைக்கிளின் இரும்புக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அதற்குரிய படலத்தை நாமே அளிக்க வேண்டும்.

ஆகவே உலர்ந்த துணியால் துடைத்து, சிறிது நேரம் வெயிலில் வைத்து, உடனே தையல் இயந்திர எண்ணெயை மெல்லப் பூசுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம்; டில்லிக் குளிரில் அது உறைந்துவிடும். மற்றச் சமையல் எண்ணெய்களும் நாளடைவில் பிசினாகித் தூசியைச் சேர்க்கும். செயினில் மேலாகப் படிந்த துருவை எண்ணெய்த் துணியால் துடைத்து, கணுக்கள் தாராளமாக மடங்குகின்றனவா என்று பாருங்கள்.

ஓர் எச்சரிக்கை. தண்டு பிரேக் உள்ள சைக்கிள்களில் ரப்பர் கட்டை ரிம்மின் உட்புறத்தைப் பற்றுகிறது. கம்பி பிரேக் உள்ள பலவற்றில் ரிம்மின் பக்கங்களைப் பற்றுகிறது. அவ்விடங்களிலும் பிரேக் தகடுகளிலும் எண்ணெய் ஒரு துளியும் படலாகாது. பட்டால் பிரேக் பிடிக்காது. பளபளப்புக்காகச் செய்த வேலை உயிருக்கு ஆபத்தாக முடியக்கூடாது அன்றோ?

துடைத்த இடத்தில் நகத்திற்குத் தட்டுப்படும் குழிகள் இருந்தாலும், முன்சக்கரத்தைத் தாங்கும் கவை, பிரேக் தண்டு, ஸ்போக் கம்பி ஆகியவற்றில் துரு ஆழமாகப் புகுந்திருந்தாலும், பழுது பார்ப்பவரிடம் காட்டுங்கள். ஹிந்தி வழங்கும் ஊர்களில் துருவை "ஜங்" என்று சொல்லுங்கள். போருக்கும் ஏறக்குறைய அதே ஒலியுள்ள சொல்தான். எழுத்தின் கீழ் இடும் ஒரு புள்ளியே இரண்டையும் வேறுபடுத்துகிறது. பலர் அப்புள்ளியை விட்டுவிடுவதால் துருவும் போரும் ஒன்றாகிவிடுகின்றன!

அடுத்த முறை ஊருக்குப் புறப்படுமுன், பெட்டி கட்டும் பரபரப்பிடையே, எண்ணெய்த் துணியால் சைக்கிளை ஒருமுறை துடைத்து, காற்றோட்டமுள்ள இடத்தில் நிறுத்திச் செல்லுங்கள். கால்மணி நேர வேலை. திரும்பி வந்து அரைநாள் தேய்ப்பதைவிட அது எளிதன்றோ?