குழியில கல் தட்டுப்பட்டா?

இன்னைக்கு எபிசோட் வார இறுதித் தோட்டக்காரர்களுக்கு. வேலை சென்னையில, மனை செஞ்சி பக்கத்துல தொண்டூர்ல. நர்சரியில செடி வாங்கியாச்சு. குழி வெட்டினா, ஒரு அடியிலேயே கடப்பாரை கல்லுல மோதுது. இப்போ என்ன செய்யறது?

முதல்ல, ஏன் இவ்வளவு கல்? செஞ்சிக் கோட்டையில ராஜகிரியையும் கிருஷ்ணகிரியையும் பார்த்திருப்பீங்க. உருண்டை உருண்டையா பாறைகள், யாரோ அடுக்கி வெச்ச மாதிரி. பாறை விரிசல்கள்ல தண்ணீர் இறங்கி, ஓரங்களை மெல்ல மெல்ல மண்ணாக்கிடும். நடுவுல மிஞ்சினதுதான் அந்த உருண்டைக் கல். குன்று மேல மண் அரிச்சுப் போனதால அது வெளியே தெரியுது. சமவெளியில அதே மாதிரிக் கல் மண்ணுக்குள்ளேயே கிடக்கலாம்.

ஆக, உங்க கல் தனிக்கல்லா, அடிப்பாறையா? இதுதான் முதல் கேள்வி. குழியைச் சுத்தி அரை அடிக்கு ஒரு இடமா கடப்பாரையை இறக்கிப் பாருங்க. சில இடத்துல ஆழமா இறங்கினா தனிக்கல். எல்லா இடத்துலயும் ஏறக்குறைய ஒரே ஆழத்துல நின்னா, கீழே பாறை பரவியிருக்க வாய்ப்பு அதிகம்.

தனிக்கல் கைக்கு அடங்கினா எடுத்துடுங்க. பெருசா இருந்தா அதோட மல்லுக்கட்ட வேண்டாம், ரெண்டு அடி தள்ளி நடுங்க. வேர் கல்லைச் சுத்திப் போய்க்கும். பெரிய கல்லைப் பெயர்த்தே ஆகணும்னா, அதே மண்ணைப் போட்டு மிதிச்சு, தண்ணீர் விட்டு இறுகின பிறகு நடுங்க. இல்லேன்னா முதல் மழையில மண் அமுங்கி, செடியும் சேர்ந்து இறங்கிடும்.

அடிப்பாறைன்னா விஷயம் வேற. குழி நிறைய தண்ணீர் ஊத்துங்க. வடிஞ்சதும் மறுபடி ஊத்தி, மறுநாள் காலையில பாருங்க. தண்ணீர் நின்னா அது குழி இல்ல, கல் தொட்டி! அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு மழையில வேர் அழுகும். சித்திரை வெயில்ல அதே மெல்லிய மண் சட்டுனு காஞ்சுடும். செடி செத்ததும் நாம நர்சரிக்காரரைத் திட்டுவோம்.

அங்கே கீழே தோண்டாதீங்க, மேலே கட்டுங்க. எடுத்த கற்களையே சிமென்ட் இல்லாம அடுக்கி, ஒண்ணரை, ரெண்டு அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போடுங்க. கல் இடுக்கு வழியா தண்ணீர் வடிஞ்சிடும். மல்லி, நந்தியாவட்டை, இட்லிப்பூ எல்லாம் அதுல வரும். கல்லு மண்ணு தாங்கும் பழமரம்னா சீத்தா. மாவையும் பலாவையும் ஆழமான மண் இருக்கிற மூலைக்கு விட்டுடுங்க.

கடைசியா ஒண்ணு. தொண்டூர்க் குன்றுல சமண முனிவர்களுக்காக வெட்டின கற்படுக்கைகளும், சுமார் 1,700 வருஷப் பழமையான தமிழ் பிராமி எழுத்தும் இருக்கு. அதனால உங்க மனையில பலகை மாதிரிக் கல் வந்தா, சுத்தியலை எடுக்கறதுக்கு முன்னாடி மண்ணைக் கழுவிப் பாருங்க. எழுத்தோ உருவமோ தெரிஞ்சா, அதை அப்படியே விட்டுட்டு கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்க.

இந்த வாரம் செடி வாங்கப் போறீங்களா? அதுக்கு முன்னாடி ஒரு குடம் தண்ணீரோட குழிகிட்ட போயிட்டு வாங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!