நுகத்தடிக்கு மரமில்லை, மட்டைக்கு உண்டா?

(அடிவாரக் கிராமங்களின் விவசாயிகள் கூட்டத்தில் சங்கச் செயலாளர் பேசியது)



போன வாரம் மாடு தேடி அடிவாரக் காட்டுக்குள்ள போனவங்க ஒரு சேதி கொண்டுவந்தாங்க. ஓடைக்கரை மரங்கள்ல பட்டையைச் சீவி, தாரால நம்பர் எழுதியிருக்காம். நானும் போய்ப் பார்த்தேன். கண்ணில் பட்ட வரைக்கும் எண்ணினேன், நூற்றுப் பதினெட்டு. யார் போட்டது, எதுக்குப் போட்டதுன்னு கேட்டா ஆளுக்கொரு பதில். நம்ம ஆட்களிலேயே சிலர், "அது கவர்மெண்டு காடு, நமக்கென்ன வந்தது?" என்கிறார்கள். அவங்களுக்காகத்தான் வடக்கே நடந்த ஒரு விஷயத்தைச் சொல்ல வந்திருக்கிறேன்.

சிப்கோ இயக்கம் என்று உங்க பிள்ளைகள் பாடப் புத்தகத்துல படிச்சிருக்கும். பொம்பளைங்க மரத்தைக் கட்டிப்பிடிச்சு நிற்கிற மாதிரி படம் போட்டிருப்பாங்க. அந்தச் சண்டை ஒரு நுகத்தடியில் ஆரம்பித்தது என்பதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை.

இன்றைய உத்தராகண்ட், அன்றைக்கு உத்தரப் பிரதேசத்தில் சேர்ந்திருந்தது. அங்கே சமோலி மாவட்டம், கோபேஸ்வர் என்ற ஊர். சண்டி பிரசாத் பட் என்பவர் உள்ளூர் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு 1964-ல் ஒரு சங்கம் வைத்தார். தசோலி கிராம சுயராஜ்ய சங்கம் என்று பேர். ஏர் சாமான் செய்வது, மூலிகை சேகரித்து விற்பது, இதுதான் அவங்க வேலை. அந்த மலையில் அங்கு என்று ஒரு மரம். கனமிருக்காது, உறுதி அதிகம். நம்ம பக்கம் மஞ்சணத்தியில் நுகத்தடி செய்வோமே, அதுபோல அவங்களுக்கு அங்கு மரம். காளை கழுத்தை உறுத்தாது. நுகத்தடிக்குப் பத்து மரம் கொடுங்க என்று சங்கத்தார் வனத்துறையிடம் கேட்டார்கள். கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அதே அங்கு மரத்தை, டென்னிஸ் மட்டை செய்ய அலகாபாத் விளையாட்டுச் சாமான் கம்பெனிக்கு ஒதுக்கினார்கள்.

உழுகிறவனுக்கு இல்லை, விளையாடுகிறவனுக்கு உண்டு. ஜனங்களுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. 1973 ஏப்ரலில் மண்டல் கிராமத்துக் காட்டில் கம்பெனி ஆட்களை மறித்தார்கள். வெட்ட வந்தால் மரத்தைக் கட்டிக்கொள்வோம் என்றார்கள். ஒரு மரம்கூட வெட்டாமல் திரும்பிப் போனார்கள். பிறகு பாட்டா என்ற இடத்துக் காட்டை ஒதுக்கிக் கொடுத்தார்கள், அங்கேயும் ஊர் மறித்தது.

நுகத்தடி மட்டும் காரணமில்லை. 1970 ஜூலையில் அலக்நந்தா ஆற்றில் பெருவெள்ளம். வீடு, பாலம், வயல் எல்லாம் போச்சு. மலைச்சரிவில் மரத்தை வெட்டித் தள்ளியதால் மண் பிடிமானம் போனது என்று சங்கத்தார் ஊர் ஊராய்ச் சொன்னார்கள். அந்த வண்டல் ஹரித்வார் வரைக்கும் வந்து கங்கைக் கால்வாயின் தலைப்பை அடைத்தது. சமவெளியில் தண்ணீருக்குக் காத்திருந்த விவசாயி வாய்க்காலைப் பார்த்து நின்றான். மேலே வெட்டின மரத்துக்கு அவனும்தான் கூலி கொடுத்தான். நம்ம ஓடையில் முன்னெல்லாம் மாசி வரைக்கும் தண்ணி ஓடும், இப்போ தையிலேயே மணல் தெரியுது. அப்புறமும் நமக்கென்ன என்று கேட்டால் நான் என்ன சொல்ல?

அடுத்தது ரேணி கிராமம். அங்கே ஏறக்குறைய 2,500 மரங்கள் ஏலம் போச்சு. 1974 மார்ச் 26. 1962 சீனப் போருக்குப் பிறகு ராணுவத்துக்கு எடுத்த நிலத்துக்கு நஷ்டஈடு தர்றோம், சமோலிக்கு வாங்க என்று ஆம்பளைங்களைக் கூப்பிட்டுவிட்டார்கள். சங்கத்தாரைப் பேச்சுவார்த்தை என்று கோபேஸ்வரில் உட்கார வைத்துவிட்டார்கள். ஊரில் ஆம்பளை இல்லாத நாள் பார்த்துக் கோடாலியோடு ஆட்கள் வந்து இறங்கினார்கள். ஒரு சின்னப் பெண் பார்த்துவிட்டு ஓடிவந்து கௌரா தேவியிடம் சொன்னாள். கணவனை இழந்தவர், பள்ளிக்கூடம் போகாதவர், மாதர் சங்கத் தலைவி. அடுப்படி வேலையைப் போட்டது போட்டபடி 27 பெண்கள் காட்டுக்குள் போனார்கள். இந்தக் காடு எங்க தாய் வீடு என்றார் அந்தம்மா. வந்தவர்களில் ஒருவன் துப்பாக்கியைக் காட்டியும் நகரவில்லை. ராத்திரி பூரா காவல் இருந்தார்கள். கடைசியில் வந்தவர்கள் கோடாலியைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

நமக்கும் பயிர் இன்சூரன்ஸ் பணம் வந்திருக்கு, எல்லாரும் ஆபீசுக்கு வாங்க என்று ஒருநாள் அழைப்பு வரலாம். வீட்டுக்கு ஒரு ஆள் ஊரில் இருந்துவிட்டு மற்றவர் போங்க.

அதற்குப் பிறகு அரசு ஒரு குழு போட்டது. குழு ஜனங்க பக்கம் நியாயம் என்றது. அந்த நீர்ப்பிடிப்பில் பத்து வருஷத்துக்கு வெட்டத் தடை வந்தது. 1980களின் தொடக்கத்தில் அந்த மலைகளில் ஆயிரம் மீட்டருக்கு மேல் வியாபாரத்துக்குப் பச்சை மரம் வெட்டுவதையே 15 வருஷம் நிறுத்தினார்கள். 

பாடப் புத்தகம் இத்தோடு முடிந்துவிடும். நடந்தது முடியவில்லை. 1982-ல் ரேணிக்கு மேலே உள்ள பகுதியை நந்தாதேவி தேசியப் பூங்கா என்று அறிவித்து, மேய்ச்சலையும் நிறுத்தினார்கள். காட்டைக் காப்பாற்றினவன் ஆடு வெளியே, காடு உள்ளே. 1998-ல் பக்கத்து லாத்தா கிராமத்து ஜனங்கள் பூங்காவுக்குள் நடந்தே நுழைந்து உரிமை கேட்க வேண்டியதாயிற்று. அவங்க கேட்டது காடும் வேணும், காட்டில் பங்கும் வேணும் என்று. கிடைத்தது பாதி. அந்தத் தப்பு நமக்கு நேரக் கூடாது. வெட்டாதே என்று மட்டும் மனு எழுதினால், நாளைக்கு வேலி போட்டு நம்மையும் உள்ளே விடமாட்டார்கள்.

இன்றைக்கு நம் கையில் 2006 வன உரிமைச் சட்டம் இருக்கு. மேய்ச்சல் போன்ற பொது உரிமைகளை ஊராகச் சேர்ந்து கேட்கலாம். பழங்குடி அல்லாதவங்க மூன்று தலைமுறை, அதாவது 75 வருஷம், அந்தக் காட்டை நம்பிப் பிழைத்ததைக் காட்டணும். உரிமை பெற்ற ஊரில் ஐந்தாம் பிரிவு கிராம சபைக்கு அதிகாரம் கொடுக்குது. காட்டையும் பக்கத்து நீர்ப்பிடிப்பையும் காப்பது அதன் வேலை. மனுப் போடாமல் இந்தப் பிரிவை மட்டும் பேசிப் பிரயோஜனம் இல்லை. நம்ம மூன்று ஊரில் எத்தனை பேர் மனுப் போட்டிருக்கீங்க? கையைத் தூக்குங்க பார்ப்போம்... சரி, இறக்குங்க. அது என் தப்பும்தான், செயலாளரா இருந்துகொண்டு இத்தனை நாள் விட்டுவிட்டேன்.

அக்டோபர் 2 கிராம சபைக்கு மூன்று ஊரும் வந்தாகணும். ஓடை நீர்ப்பிடிப்பில் நிற்கிற மரத்தை ஊரைக் கேட்காமல் வெட்டக் கூடாது, மேய்ச்சல் பாதையை அடைக்கக் கூடாது, இந்த ரெண்டும் ஒரே தீர்மானமாக ஏறணும். பொம்பளைங்க பின்னால் உட்காராதீங்க, முதல் கையெழுத்து உங்களோடது. நோட்டில் ஏறினதும் நகல் வாங்காமல் யாரும் எழுந்திருக்க வேண்டாம். வீட்டில் பழைய மேய்ச்சல் சீட்டு, தீர்வை ரசீது எது இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை காலை சங்கக் கொட்டகைக்குக் கொண்டுவாங்க. எழுபது தாண்டின பெரியவங்களையும் கூட்டிட்டு வாங்க, வாக்குமூலம் எழுத நான் பேனாவோடு உட்கார்ந்திருப்பேன்.