சம்பளச் சீட்டுக்குப் பின்னால் ஒரு வேலை

(கல்லூரி இறுதியாண்டு மாணவர்களுக்கான வேலைவாய்ப்பு வழிகாட்டல் நிகழ்ச்சியில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோர் கையிலும் போன் இருக்கு. முதலில் ஒரு கேள்வி. உங்க வீட்டில் மாதச் சம்பளம் வாங்குபவர் யாராவது இருக்காங்களா? அவங்க சம்பளச் சீட்டை நீங்க ஒரு தடவையாவது முழுசா படிச்சிருக்கீங்களா?

நானும் படிச்சதில்லை. அப்பா ஓய்வு பெறும் வரை, அந்தச் சீட்டில் கடைசி வரியைத் தவிர வேறெதையும் எங்க வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

அப்பா ஒரு நூற்பாலையில் 23 வருஷம் வேலை பார்த்தார். ஓய்வு பெற்றதும் பி.எஃப். பணத்துக்கு விண்ணப்பித்தோம். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. பி.எஃப். பதிவில் பெயருக்கு முன்னால் இனிஷியல் மட்டும் இருந்தது. ஆதாரிலோ தாத்தாவின் முழுப் பெயரும் பின்னால் சேர்ந்திருந்தது. பிறந்த தேதியிலும் ஒரு வருஷம் வித்தியாசம். அவர் வேலைக்குச் சேர்ந்த அன்று யாரோ அவசரத்தில் எழுதியது, 23 வருஷம் அப்படியே கிடந்திருக்கு. தங்கையின் கல்லூரிக் கட்டணத்துக்கு அந்தப் பணத்தைத்தான் நம்பியிருந்தோம். கடைசியில் வட்டிக்கு வாங்கிக் கட்டினோம்.

சிக்கலைத் தீர்த்தவர் அந்த ஆலை அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த ஓர் அக்கா. பழைய பதிவேட்டைத் தேடி எடுத்தார். தொழிலாளியும் நிர்வாகமும் சேர்ந்து கொடுக்க வேண்டிய கூட்டு உறுதிமொழியைத் தயார் செய்தார். எந்தச் சான்றிதழை எதற்காக இணைக்கிறோம் என்று அப்பாவுக்குப் பொறுமையாகச் சொன்னார். சில மாதங்களில் பணம் வந்தது. அந்த அக்கா பார்ப்பது ‘பேரோல்’ வேலை. அதாவது, சம்பளக் கணக்கு. இன்று உங்களிடம் பேச வந்திருப்பது அந்த வேலையைப் பற்றித்தான்.

எச்.ஆர். என்றால் இன்டர்வியூ மட்டுமா?

எச்.ஆர். என்றதும் நமக்கு இன்டர்வியூ எடுப்பவர்தான் ஞாபகத்துக்கு வருவார். ஆனால் மனிதவளத் துறையில் ஒரு பெரிய பகுதி, ஊழியருக்கு என்ன கொடுக்கிறோம், எப்படிக் கொடுக்கிறோம் என்பதைப் பார்த்துக்கொள்கிறது. சம்பளம், போனஸ், பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., பணிக்கொடை, விடுப்பு, காப்பீடு எல்லாம் இதில் அடக்கம். கூட்டத்தில் பேசக் கூச்சப்படுபவர்கூட இங்கே நன்றாக வரலாம். கணக்கில் கவனமும், சட்டத்தைப் படிக்கிற பொறுமையும், வாயை மூடி வைக்கிற பழக்கமும் இருந்தால் போதும்.

ஒரு சின்னக் கணக்கு

உங்களுக்கு ஒரு வேலை கிடைக்கிறது. ஆஃபர் லெட்டரில் ஆண்டுக்கு ரூ.3,81,600 என்று இருக்கு. 12-ஆல் வகுத்தால் மாதம் ரூ.31,800. ஆனால் வங்கிக் கணக்கில் வருவது ரூ.28,200. மீதி 3,600 எங்கே?

அடிப்படைச் சம்பளம் ரூ.15,000, மற்ற படிகள் ரூ.15,000 என்று வைத்துக்கொள்வோம். அடிப்படையில் 12 சதவீதம், அதாவது ரூ.1,800, உங்கள் பங்காக பி.எஃப்.புக்குப் போகிறது. நிறுவனமும் அதே 1,800-ஐப் போடுகிறது. அதில், அடிப்படைச் சம்பளத்தின் 8.33 சதவீதமான ரூ.1,250 ஓய்வூதியத் திட்டத்துக்கும், மீதி ரூ.550 உங்கள் பி.எஃப். கணக்கிலும் சேர்கிறது. நிறுவனம் போடும் 1,800-ஐயும் சேர்த்துத்தான் ஆஃபர் லெட்டரில் ‘சி.டி.சி.’ என்று எழுதியிருப்பார்கள். அந்த 3,600 எங்கேயும் காணாமல் போகவில்லை. உங்கள் பெயரில்தான் இருக்கு. (எளிமைக்காக மற்ற பிடித்தங்களை இங்கே சேர்க்கவில்லை.)

நம்ம ஊரில் இன்னொரு விஷயம் உண்டு. தொழில் வரியை உள்ளாட்சி அமைப்புகள் அரையாண்டுக்கு ஒருமுறை வசூலிக்கின்றன. பல நிறுவனங்களில் அதை ஒரே மாதத்தில் பிடித்துவிடுவார்கள். அந்த மாதம் எச்.ஆர். மேஜை முன்னால் வரிசை நிற்கும். “போன மாசத்தைவிட ஏன் குறையுது?” என்று கேட்பவருக்கு, “சிஸ்டம் அப்படித்தான் காட்டுது” என்பது பதில் இல்லை. ஒரு தாளில் எழுதிக் காட்டத் தெரிந்தவர்தான் நல்ல பேரோல் ஊழியர்.

ஏன் இப்போது?

29 மத்தியச் சட்டங்களைத் தொகுத்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. ‘ஊதியம்’ என்ற சொல்லின் பொருளே மாறியிருக்கிறது. வீட்டு வாடகைப் படி போன்றவை மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகையையும் ஊதியமாகவே கணக்கிட வேண்டும். வேலையை விட்டவருக்கோ, வேலையிலிருந்து நீக்கப்பட்டவருக்கோ சேர வேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுக்க வேண்டும்.

இருபது வருஷ அனுபவசாலியும் இதைப் புதிதாகப் படித்துத்தான் ஆக வேண்டும். நேற்று வந்த உங்களுக்கு இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

எங்கே தொடங்குவது?

பி.காம்., பி.பி.ஏ., பி.எஸ்.டபிள்யூ., ஏன், என்னைப் போல இதழியல் படித்தவரும் தொடக்க நிலை வேலைக்கு முயற்சி செய்யலாம். எக்செல் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். பெரிய நிறுவனம்தான் வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்த்தால் பி.எஃப்., 10 பேர் இருந்தாலே ஈ.எஸ்.ஐ. என்ற நிலையில், சிறு நிறுவனங்கள் பலவும் இந்த வேலையை பி.எஃப். கன்சல்டன்ட்டுகளிடம் கொடுக்கின்றன. திருப்பூர், கோவை, ஓசூர், அம்பத்தூர் போன்ற தொழில் பகுதிகளில் இப்படிப்பட்ட அலுவலகங்களைப் பார்க்கலாம். சம்பளம் முதலில் குறைவாக இருக்கலாம். ஆனால் ஒரே வருஷத்தில் பல நிறுவனங்களின் கணக்கு கைக்குப் பழகிவிடும்.

அங்கே உங்கள் மாதம் தேதிகளால் ஓடும். 7-ஆம் தேதிக்குள் சம்பளம், 15-ஆம் தேதிக்குள் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. தொகை. தீபாவளிக்கு முன் போனஸ் கணக்கு. தேதி தவறினால் நிறுவனத்துக்கு அபராதம். ஊழியருக்கு அதைவிடப் பெரிய கஷ்டம்.

முறையாகப் படிக்க விரும்பினால், தொழிலாளர் துறையின் கீழ் சென்னையில் இயங்கும் தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையத்தில் தொழிலாளர் மேலாண்மைக்கு இளங்கலை, முதுகலைப் படிப்புகள் உண்டு. எம்.பி.ஏ., எம்.எஸ்.டபிள்யூ. படிப்புகளில் மனிதவளப் பிரிவை எடுப்பது இன்னொரு வழி. 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள தொழிற்சாலையில் தொழிலாளர் நல அலுவலரை நியமிக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. அந்தப் பதவிக்குத் தனிக் கல்வித் தகுதி கேட்பார்கள். அதனால் படிப்பைத் தேர்வு செய்யும்போதே அது அந்தத் தகுதிக்கு ஏற்கப்படுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சில வருஷ அனுபவத்துக்குப் பிறகு வேலையின் தன்மை மாறும். முன்பு, முடிவான சம்பளத்தைக் கணக்குப் போட்டீர்கள். இப்போது, எந்த வேலைக்கு எவ்வளவு சம்பளம் என்று முடிவு செய்பவர்களோடு உட்காருவீர்கள். வெளிச்சந்தையில் இந்த வேலைக்கு என்ன கொடுக்கிறார்கள்? ஒரே வேலையைப் பார்க்கும் ஆணுக்கும் பெண்ணுக்கும் நம்மிடம் ஒரே சம்பளமா? பத்து வருஷமாக இருப்பவரைவிடப் புதிதாக வந்தவருக்கு ஏன் அதிகம்? இந்தக் கேள்விகளுக்கு எண்களோடு பதில் வைத்திருப்பவரின் பேச்சு நிர்வாகக் கூட்டத்தில் எடுபடும்.

ஒன்றை மட்டும் மறைக்க மாட்டேன்

இந்த வேலையில் சங்கடம் உண்டு. பக்கத்து மேஜைக்காரர் சம்பளம் உங்களுக்குத் தெரியும். அவருக்கு உங்கள் சம்பளம் தெரியாது. நண்பர் கேட்டாலும் சொல்லக் கூடாது. “இவர் பெயரை இந்த மாசம் பி.எஃப்.பில் சேர்க்க வேண்டாம்” என்று மேலே இருந்து சொல்லும் நாளும் வரலாம். அன்று சட்டத்தை எடுத்துச் சொல்லத் துணிவு வேண்டும். ஓர் ஒப்பந்தத் தொழிலாளியின் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கா இல்லையா என்பது, அவர் குடும்பத்துக்கு ஆஸ்பத்திரி வாசலில்தான் தெரியவரும்.

இன்று ராத்திரி ஒரு வேலை

வீட்டுக்குப் போனதும் உமங் செயலியைத் திறங்க. அப்பாவோ அம்மாவோ, பி.எஃப். உள்ள ஒருவரின் யு.ஏ.என். எண்ணை வைத்து, அவங்களையே பக்கத்தில் உட்கார வச்சு பாஸ்புக்கைப் பாருங்க. மாதாமாதம் பணம் ஏறியிருக்கா? பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே இருக்கா? வாரிசு நியமனம் செய்திருக்காங்களா? தப்பு இருந்தால், வேலையில் இருக்கும்போதே நிறுவனத்தில் சொல்லித் திருத்துங்க. ஓய்வு பெறும் வரை காத்திருக்க வேண்டாம். நாங்க காத்திருந்தோம், அதுக்கு வட்டி கட்டினோம்.

அந்த வேலையைச் செய்யும்போது உங்களுக்கு அலுப்பாக இருந்தால் பரவாயில்லை, வேறு துறை பார்க்கலாம். “அட, இது இப்படியா!” என்று அடுத்த பக்கத்தையும் புரட்டினீங்கன்னா, இது உங்க துறையாக இருக்கலாம்.

அப்பாவின் பணம் வந்த அன்று, அந்த அக்காவுக்கு வீட்டிலிருந்து முறுக்கு கொண்டுபோனோம். “என் வேலையைத்தானே செஞ்சேன்” என்றார். அந்த வேலையை அப்படிச் செய்ய இன்னும் நிறையப் பேர் வேண்டும்.