பிறர் வாழ்வை அறியும் கல்வி

(ஜமாஅத் ஆண்டுவிழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

சென்ற கல்வியாண்டின் தொடக்கத்தில் நம் மஹல்லாவின் ஏழைப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகங்கள் வழங்கினோம். அச்செலவு ஆண்டறிக்கையில் ஒரு வரியாக இடம்பெற்றிருக்கிறது. அவ்வரியில் இடம்பெறாத ஒன்றை இங்கே சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

ஈகைப் பழக்கம் சிறுவயதிலேயே வரட்டும் என்று எண்ணி, வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளைக் கொண்டே அவற்றை வழங்கச் செய்தோம். ஒலிபெருக்கியில் பெயர் அழைத்தோம், புகைப்படமும் எடுத்தோம். ஏழாம் வகுப்பு மாணவர் ஒருவர் தம் வகுப்புத் தோழரின் கையிலிருந்தே நோட்டுகளை வாங்க நேர்ந்தது. மறுநாள் முதல் அவர் மாலை மதரஸாவுக்கு வரவில்லை. வீட்டிற்குச் சென்று விசாரித்தபோது, "இனி அவன் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று அழுகிறான்" என்றார் தாயார். வழங்கிய சிறுவரிடம், "உன் தோழனின் அத்தா என்ன வேலை பார்க்கிறார்?" என்று கேட்டோம். தெரியாது என்றார். இருவரும் இரண்டு ஆண்டுகளாக ஒரே பெஞ்சில் அமர்பவர்கள். பிழை அந்தச் சிறுவருடையது அன்று, நம்முடையது.

நோன்பு நோற்கும் பிள்ளைக்குப் பசித்தவன் நிலை தானே விளங்கிவிடும் என்று நம்மில் பலர் கூறுவதுண்டு. ஓரளவு உண்மைதான். ஆயினும் மஃரிப் பாங்கு சொன்னதும் கஞ்சியும் வடையும் முன்னால் வரும் என்று அறிந்த பசி வேறு; நாளைக்கு வேலை கிடைக்குமா என்று அறியாத வீட்டின் பசி வேறு. இரண்டாவதை அறிய அந்த வீட்டாரோடு பழகியே ஆகவேண்டும்.

இது புதிய கருத்தன்று. 1937-ஆம் ஆண்டு வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில் காந்தியடிகள் ஆதாரக் கல்வி என்னும் எண்ணத்தை முன்வைத்தபோது, அதற்குப் பாடத்திட்டம் வகுக்கும் குழுவுக்குத் தலைமை ஏற்றவர் ஜாமிஆ மில்லிய்யாவின் துணைவேந்தராக இருந்த டாக்டர் ஜாகிர் ஹுசைன் அவர்கள். 1967-இல் குடியரசுத் தலைவரானவரும் அவரே. நூற்றல், நெய்தல், பயிர்த்தொழில் முதலிய கைத்தொழில் ஒன்றை நடுவில் வைத்து மற்றப் பாடங்களை அதனோடு இணைப்பதே அத்திட்டம். படித்தவனுக்கும் பாடுபடுகிறவனுக்கும் இடையே எழுந்துள்ள சுவரை உடைப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று.

அக்கல்வி வேரூன்றிய இடங்களுள் ஒன்று நமக்கு அருகிலேயே, சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் அவர்தம் கணவர் ஜி. இராமச்சந்திரன் அவர்களும் 1947-இல் காந்திகிராமத்தை நிறுவினர். டி.வி.எஸ். நிறுவனத்தாரின் செல்வக் குடும்பத்தில் பிறந்து, இளமையில் கணவரை இழந்து, பின்னர் மருத்துவம் பயின்ற அம்மையார், கிராம மக்களிடையே குடியேறியே பணி செய்தார்கள். 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக உயர்ந்த அங்குள்ள கிராமிய நிறுவனத்தில், மாணவர்கள் ஏதேனும் ஒரு கிராமத்தில் சில நாட்கள் தங்கி, மக்களுடன் பழகி, அவர்கள் நிலையைக் கேட்டறிவது கல்வியின் ஒரு பகுதியாகவே வைக்கப்பட்டது. அங்கே கேட்கும் இடத்தில் நிற்பவர் மாணவர். சொல்லும் இடத்தில் இருப்பவர் கிராமத்தவர். நாம் நோட்டு வழங்கிய அன்று இந்த வரிசையைத் தலைகீழாக வைத்திருந்தோம்.

நம் பிள்ளைகளுக்குக் கிராமம்வரை செல்லவும் தேவையில்லை. திண்டுக்கல் என்றதும் பூட்டு என்பார்கள். 2019-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அப்பூட்டைக் கையால் அரம் போட்டுச் செய்யும் முதியவர் பட்டறையில் எவ்வளவு நேரம் குனிந்திருக்கிறார், தம் மகனை ஏன் அத்தொழிலுக்கு அனுப்பவில்லை என்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் கேட்டிருப்பர்?

அடுத்துச் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கலாம், பொறுத்தருள்க. தோல் பதனிடும் தொழிலால் நம்மவர் பலர் செழித்தோம். பள்ளிவாசல்களும் பள்ளிக்கூடங்களும் அதனால் பயன்பெற்றன. அதே தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் இறங்கி நின்றவர்கள் உண்டு. அவர்கள் பிள்ளைகள் வகுப்பறையில், "உன்மேல் தோல் வாடை அடிக்கிறது" என்ற பேச்சைக் கேட்டுத் தலைகுனிந்ததும் உண்டு. நகரைச் சுற்றிய சமவெளியில், கழிவுநீரால் கிணறு உவர்ப்பேறிப் பயிர் இழந்த விவசாயிகளும் உண்டு. பொதுச் சுத்திகரிப்பு நிலையம் பின்னரே வந்தது. ஷாப் உரிமையாளரின் மகன், தொட்டியில் இறங்கியவரையும் கிணற்றை இழந்தவரையும் நேரில் கண்டு பேசினால், நாளை அவன் தொழில் நடத்தும் முறையே வேறாக இருக்கும் என நம்புகிறோம். அவன் எளிதில் மறக்க முடியாத கணக்குப் பாடமாகவும் அது அமையும்.

ஆகவே வரும் கோடை விடுமுறை தீனிய்யாத் வகுப்பில், வாரம் ஒரு பிற்பகலை இதற்கென ஒதுக்க நிர்வாகக் குழு இசைந்துள்ளது. எட்டாம் வகுப்பு முதல் உள்ள மாணவர்கள் மும்மூவராக, பூட்டுப் பட்டறை, தோல் ஷாப், பூச்சந்தை, விவசாயி வீடு என ஓரிடத்திற்கு, அங்குள்ளவர்களின் இசைவைப் பெற்றே செல்வர். நான்கு வாரமும் ஒரே இடத்திற்கே செல்லவேண்டும். ஒருநாள் பார்வை வேடிக்கையாகவே முடியும். எதையும் வழங்கக்கூடாது. அவர்கள் தேநீர் கொடுத்தால் மறுக்காமல் அருந்தவேண்டும். அறிவுரை கூறக்கூடாது. பெண்பிள்ளைகளுக்கு ஆலிமா ஒருவரும் தாய்மார் இருவரும் துணை செல்வர். நோட்டு உதவியும் நிற்காது. இனி அது பெற்றோர் கையில், வீட்டில் வைத்தே, பெயர் வெளிவராமல் சேர்க்கப்படும்.

மதரஸாவை விட்டு நின்ற அந்த மாணவர் வீட்டிற்கு மீண்டும் சென்று வருத்தம் தெரிவித்தோம். இன்னும் அவர் திரும்பவில்லை. நோட்டு வழங்கிய தோழர் மட்டும் இப்போது அவ்வப்போது அஸருக்குப் பின் அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருப்பதைப் பார்க்கிறோம். அவரை நாம் அனுப்பவில்லை.

பெயர் பதிய விரும்பும் பெற்றோர்கள் ஜுமுஆவுக்குப் பின் அலுவலகத்தில் தெரிவிக்கவும். செல்லும் இடங்களுக்குப் புகைப்படக் கருவியோ கைபேசியோ எடுத்துவர அனுமதி இல்லை.