ஆவின் விலை



மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்பதும் பொருள். கல்வியே அழிவற்ற செல்வம் என நிறுவும் திருவள்ளுவர், அக்குறளில் பிற செல்வங்களைச் சுட்ட ஆள்வதும் இச்சொல்லையே. செல்வமே மாடாயின், அதனைப் பெற எதனைக் கொடுப்பது?

பழந்தமிழர் இதற்கு இரு விடைகள் கூறினர். ஒன்று, உயிர். வெட்சியார் ஆநிரை கவர்ந்தனர், கரந்தையார் மீட்டனர், மாண்டவர்க்கு நடுகல் எழுந்தது. செங்கம் பகுதி நடுகற்கள் இன்றும் அதனைச் சொல்லி நிற்கின்றன. மற்றொன்று, உழைப்பு. பெரும்பாணாற்றுப்படையில் வரும் ஆய்மகள், மோர் விற்ற வருவாயில் சுற்றத்தார்க்கு உணவளிக்கிறாள். நெய்க்கு விலையாகப் பசும்பொன் தரினும் கொள்ளாமல், எருமையும் நல்ல பசுவும் நாகும் பெற்று வருகிறாள். பொன் பெட்டியில் கிடக்கும். ஆவோ ஈனும், கறக்கும், குடியைத் தாங்கும். இக்கணக்கை அறிந்தவள் அவள்.

தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளில் ஒரு நந்தா விளக்கிற்கு 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள் எனக் கணக்கிடப்பட்டது. இராசராசன் காலத்தில் ஒரு பசு இரண்டு ஆடுகளுக்கு நிகர்.

விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூர் தன் பெயரிலேயே ஆவைத் தாங்கியுள்ளது. நல்லியக்கோடனின் கிடங்கில் இன்று திண்டிவனத்தின் ஒரு பகுதி. இவ்விரு ஊர்களுக்கும் இடைப்பட்ட சிற்றூர்களில் ஒரு பெண் கறவை வாங்கும் நிலை யாது? காதணி அடகுக்குச் செல்கிறது, குழுக்கடன் கையெழுத்தாகிறது. சந்தையில் பல் பார்த்து, மடி பார்த்து, சுழி பார்த்து, எத்தனையாவது ஈத்து எனக் கேட்டு, துண்டுக்குள் விரல் பற்றித் தரகர் முடிக்கும் தொகை முதல் விலை மட்டுமே. தரகும் வண்டி வாடகையும் அதன்பின் வரும். மல்லாட்டை விளையும் மண் இது, டி.எம்.வி. என்னும் கடலை வகைகளின் பெயரில் இருப்பது திண்டிவனமே. ஆயினும் மல்லாட்டைக் கொடி நிலமுடையார்க்கே எளிது. நிலமற்றவள் வைக்கோலையும் புண்ணாக்கையும் விலைக்கு வாங்க வேண்டும். ஈனுமுன் இரு மாதங்கள் கறவை வற்றும். கடன் தவணை வற்றுவதில்லை.

கடனும் கிட்டாதவள் பிறர் கன்றை வாரத்திற்கு வளர்க்கிறாள். அது ஈன்றபின் விலை மதித்துப் பாதி பெறுகிறாள். வரப்பில் அவள் அறுத்த புல்லே அப்பாதி விலை.

2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அரசுத் திட்டம், ஊரக ஏழைப் பெண்களுக்கு ஐந்தாண்டுகளில் 60,000 கறவைப் பசுக்கள் வழங்க முனைந்தது. ஒரு பசுவின் விலை 30,000 ரூபாய் என வைக்கப்பட்டது. அத்தொகை அரசினுடையது, அன்றாடத் தீவனம் அவளுடையது.

ஆநிரை கவர்ந்தவனுக்கும் மீட்டவனுக்கும் திணையும் துறையும் வகுத்தது தமிழ். வாங்கி வளர்ப்பவளுக்குப் பெரும்பாணாற்றுப்படையின் சில அடிகளே வாய்த்தன. அவ்வடிகளைத் தொடர்ந்து பாடுவது, பத்தாண்டு கண்ட இவ்வட்டத்துப் பாவலர்களின் கடனாகுக. வாழ்க தமிழ்.