சோறு வேண்டாமென்ற சிப்பாய்



இங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் ஃபோர்ட் கொச்சியில் வெளி என்ற பகுதியில் டோபிக்கானா இருக்கிறது. டச்சுக்காரன் காலத்தில் பட்டாளத்து உடுப்பு வெளுக்கத்தான் நம் வண்ணார்கள் இந்த ஊருக்குக் கொண்டுவரப்பட்டார்கள். உடுப்பின் அழுக்குக்கு அன்றே வழி கண்டாகிவிட்டது. உடுப்புக்குள் இருக்கிற மனிதனுக்கு அநியாயம் நடந்தால் அவன் எங்கே போவான்?

பட்டாளத்தில் ரஞ்சித் தாக்கூர் என்றொரு சிக்னல்மேன் இருந்தார். கமாண்டிங் ஆபீசர் தன்னைக் கொடுமைப்படுத்துகிறார் என்று மேலதிகாரிகளுக்கு நேரே மனுப் போட்டார். நேரே போட்டது தப்பு என்று 28 நாள் கடுங்காவல். குவார்ட்டர் கார்டு என்ற காவல் அறை, கையில் விலங்கு. அங்கே கிடக்கும்போது, 1985 மே 29ஆம் தேதி, சாப்பிடு என்று சுபேதார் உத்தரவு போடுகிறார். அவர் சாப்பிடவில்லை. குற்றம் அவ்வளவுதான் ஐயா! நம் வீட்டுப் பிள்ளை கோபத்தில் சோறு வேண்டாமென்றால் அம்மா தட்டை மூடிவைப்பாள். பட்டாளம் மறுநாளே கோர்ட் மார்ஷல் வைத்தது. வேலை போயிற்று. ஓராண்டு கடுங்காவலுக்குத் தேஜ்பூர் சிறைக்கு அனுப்பினார்கள். அந்த மன்றத்தில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னவர்களில் ஒருவர், யார்மேல் அவர் புகார் எழுதினாரோ அதே அதிகாரி!

உயர் நீதிமன்றம் அவருடைய ரிட் மனுவைத் தள்ளியது. மனிதர் விடவில்லை, உச்ச நீதிமன்றம் போனார். 1987 அக்டோபரில் நீதிபதி வெங்கடாசலய்யா தீர்ப்பு எழுதினார். இந்த அதிகாரி உன்னை விசாரிப்பதில் உனக்கு ஆட்சேபம் உண்டா என்று குற்றம் சாட்டப்பட்டவனைக் கேட்க வேண்டும், ராணுவச் சட்டத்தின் 130ஆம் பிரிவு அது. கேட்கவில்லை. ஆகவே விசாரணையே செல்லாது. தண்டனையும் குற்றத்துக்குப் பொருந்தாத கொடுமை. சம்பளம், சலுகை எல்லாவற்றோடும் வேலையைத் திருப்பிக் கொடு என்றது கோர்ட்.

பட்டாளத்துக் கட்டுப்பாட்டில் கோர்ட் ஏன் மூக்கை நுழைக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. கட்டுப்பாடு வேண்டாமென்று நான் சொல்லவில்லை. எல்லையில் நிற்கிறவன் உத்தரவை மீறினால் பக்கத்தில் நிற்கிறவன் சாவான். ஆனால் தாக்கூர் வழக்கில் கோர்ட் எந்த உத்தரவையும் ஆராயவில்லை. புகாருக்கு ஆளானவரே நீதிபதியாகலாமா, தண்டனை குற்றத்துக்குப் பொருந்துமா என்றுதான் பார்த்தது. நம் அரசியல் சாசனம் 136ஆம் பிரிவிலும் 227ஆம் பிரிவிலும் ராணுவ மன்றங்களுக்கு விலக்குக் கொடுத்தது. உயர் நீதிமன்றத்துக்கு ரிட் அதிகாரம் தரும் 226இல் கொடுக்கவில்லை. அந்த ஒரு கதவு போதும் என்று விட்டார்களோ என்னவோ!

ஆனால் அந்தக் கதவின் வழியே ரிட் மனு போடலாமே தவிர, முழு அப்பீல் கிடையாது. 1982இல் பிருத்தி பால் சிங் பேடி வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் இந்தக் குறையைச் சொல்லி வருந்தியது. அந்தக் குறையைத் தீர்க்கச் சட்டம் வந்தது 2007இல். ராணுவத் தீர்ப்பாயம் 2009இல் உட்கார்ந்தது. ஒரு நீதிபதியும் பட்டாளத்தில் இருந்து வந்த ஒருவரும் சேர்ந்து விசாரிப்பார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் 2015இல் உச்ச நீதிமன்றமே, தீர்ப்பாயம் சொன்ன பிறகு உயர் நீதிமன்றம் பக்கம் போகாதே என்பதுபோல் ஒரு தீர்ப்பு எழுதியது. சிப்பாயின் பென்ஷன் தகராறுக்கு உச்ச நீதிமன்றம் இருக்கும் டெல்லி வரை போய் வக்கீல் வைக்க எவனிடம் காசு இருக்கிறது? எட்டு வருஷம் கழித்து, 2023 மார்ச்சில், பரசோத்தம் தாஸ் வழக்கில் அதே நீதிமன்றம் உயர் நீதிமன்றத்தின் ரிட் அதிகாரத்தை யாரும் பறிக்க முடியாது என்று திருத்திச் சொன்னது.

உங்கள் வீட்டில் பட்டாளத்துப் பிள்ளை இருந்தால் ஒன்று செய்யுங்கள். தண்டனை என்று கடிதம் வந்தால் தலைவிதி என்று பெட்டிக்குள் போட்டுப் பூட்டாதீர்கள். கோர்ட் மார்ஷல் விசாரணைப் பதிவின் நகலைக் கேட்டு வாங்குங்கள். தீர்ப்பாயத்தின் அமர்வு இதே கொச்சியில் இருக்கிறது. உயர் நீதிமன்றமும் காயலைத் தாண்டினால் எறணாகுளத்தில்தான். நாள் கடத்தாமல் ஒரு வக்கீலைப் பார்த்துவிடுங்கள்.