குழந்தையைத் தேடித் தரச் சொல்லி யார் கேட்கலாம்?



தாம்பரத்தில் ஒரு வீடு. கணவன் மனைவிக்குள் சண்டை. பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளையை அழைத்துக்கொண்டு கணவர் எங்கோ போய்விட்டார். போன் ஸ்விட்ச் ஆஃப். அந்த அம்மா யாரிடம் போய்க் கேட்பார்?

1890-ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் சிறார் சட்டம் வழி சொல்கிறது. தாய், தகப்பன் மட்டுமல்ல. காப்பாளராக விரும்புகிறவர், குழந்தையின் உறவினர், நண்பர், ஏன், மாவட்ட ஆட்சியரும் மனு போடலாம். பாட்டி கேட்டாலும் செல்லும். குழந்தையை இன்ன நாளில் நேரில் கொண்டுவரும்படி, வைத்திருப்பவருக்குக் குடும்பநல நீதிமன்றம் உத்தரவிடலாம்.

எந்த ஊர் நீதிமன்றம்? குழந்தை வழக்கமாக எங்கே வசிக்கிறதோ, அந்த ஊருக்குரியது. தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் எல்லாம் செங்கல்பட்டு மாவட்டம். வேளச்சேரி சென்னை மாவட்டம். அதனால் குழந்தை எங்கே வசிக்கிறது என்று காட்ட, பள்ளிச் சான்று, ஆதார், ரேஷன் கார்டு ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையைச் சட்டவிரோதமாகப் பிடித்து வைத்திருந்தால், உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவும் போடலாம்.

குழந்தை காணாமலே போய்விட்டால் மனு எழுதி நேரத்தைக் கழிக்க வேண்டாம். உடனே காவல் நிலையம் போங்கள், குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். காணாமல் போன குழந்தை பற்றிய புகாரில் வழக்குப் பதிய வேண்டும் என்று 2013-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

வக்கீலுக்குப் பணமில்லையா? பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. எண் 15100. குறித்துக்கொள்ளுங்கள், அக்கம்பக்கத்திலும் சொல்லுங்கள்.